ஓட விட்டா அடங்கிடும்னு சொன்னாங்க

எங்க வீட்டுக்கு சீசர்ங்கற நாய் வந்து எட்டு மாசம் ஆச்சு. இந்த எட்டு மாசத்துல கைய விட்டுப் போனது 48,900 ரூபா, அவன் சாப்பாட்டுச் செலவு இதுல சேரல. அதுபோக நான் போட்ட லீவு, நானும் வீட்டுக்காரரும் பேசாம இருந்த நாளு, ராத்திரி ரெண்டு மணிக்கு தெருத்தெருவா டார்ச் அடிச்சுட்டு சுத்துனது, அதுக்கெல்லாம் கணக்கு இல்ல. இப்ப அவன் இல்லாத வீட்ட நெனச்சுக்கூட பாக்க முடியல, அது வேற விஷயம். ஆனா இன்னொருத்தர் வளத்த நாய எடுக்கப் போறீங்கன்னா, நான் பட்டதுல பாதியாவது நீங்க படாம இருக்கட்டும்னுதான் இத எழுதுறேன்.

பிப்ரவரியில ஒரு வாட்ஸப் குரூப்ல போட்டோ வந்துச்சு. செவலை கலர் சிப்பிப்பாறை ஜாதி வேட்டை நாய், ஆண், 14 மாசம், ரொம்ப ஆக்டிவ், ரொம்ப ஃப்ரெண்ட்லி, ஓனர் பெங்களூர் ஷிஃப்ட் ஆகறதால நல்ல வீடு வேணும்னு. பையன் ரெண்டு வருஷமா நாய் வேணும்னு கேட்டுட்டு இருந்தான். அத்தை வேற கோவில்பட்டிப் பக்கம், போட்டோவப் பாத்ததுமே "எங்க ஊரு நாய்ல்லா இது"ன்னு மொகம் மலந்துட்டாங்க. அந்த ஞாயித்துக்கிழமையே சென்னைக்குப் பக்கத்துல இருக்கற சிறுசேரி போய்ட்டோம். ஏழாவது மாடி, பால்கனியில ஒரு ஆளு நிக்கிற அளவு எடம், அங்க கட்டிப் போட்டிருந்தாங்க. எங்களப் பாத்ததும் பின்னங்கால்ல நின்னு சங்கிலி அறுந்துடுற மாதிரி குதிச்சான். பாசம்னு நெனச்சேன். பத்தே நிமிஷத்துல சங்கிலி, பாதி பாக்கெட் டாக் ஃபுட், ஒரு தட்டு எல்லாத்தையும் கையில குடுத்து லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பிட்டாங்க. வேக்சின் புக் எங்கன்னு கேட்டேன். பேக் பண்ணிட்டோம் சிஸ்டர், வாட்ஸப்ல அனுப்புறோம்னாங்க. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

நான் பண்ண மொத தப்பு அதுதான். புக்க கண்ணால பாக்காம நாய வண்டியில ஏத்தாதீங்க. ரேபிஸ் ஊசி கடைசியா என்னைக்குப் போட்டாங்க, பூச்சி மருந்து எப்பக் குடுத்தாங்க, அந்த ரெண்டு தேதி கையில இருக்கணும். அப்புறம் கேக்கக் கூச்சப்படாம கேக்கணும்: ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தனியா இருக்கும், எங்க தூங்கும், வாயில இருக்கறத எடுத்தா உறுமுமா, யாரையாவது கடிச்சிருக்கா, வெடிச்சத்தத்துக்கு என்ன பண்ணும், நீங்கதான் மொத ஓனரா. இந்தக் கடைசிக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல, அதோட கதை பின்னாடி வருது. முடிஞ்சா ரெண்டு தடவ போய் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரமாவது கூட இருந்து பாருங்க. அவன் படுத்திருந்த பழைய பெட்ஷீட் ஒண்ணு கேட்டு வாங்கிக்கோங்க, அந்த வாசனை இருந்தா மொத ராத்திரி அழுகை கொறையும். இன்னாருக்குக் குடுத்துட்டோம்னு ஒரு பேப்பர்ல கையெழுத்தும் வாங்கிடுங்க, நாளைக்கு வந்து என் நாயின்னு நின்னா என்ன பண்ணுவீங்க.

மொத நாலு நாள் அவன மாதிரி சமத்து கெடையாது. ஒரு மூலையில சுருண்டு கெடந்தான், தயிர்சாதம் வெச்சா நாலு வாய் தின்னான், கொரைக்கவே இல்ல. நான் ஊரெல்லாம் போட்டோ அனுப்பி எவ்ளோ சமத்து பாருன்னு பெருமை அடிச்சுட்டு இருந்தேன். ரெஸ்க்யூ பண்றவங்க மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு ஒரு கணக்கு சொல்வாங்க: மொத மூணு நாள் பயத்துல அடங்கி இருக்கும், மூணு வாரத்துல சுயரூபம் காட்டும், மூணு மாசம் ஆனாதான் இது நம்ம வீடுன்னு நம்பும். எல்லா நாய்க்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாதுன்னாலும், சமத்தா இருக்குன்னு மொத வாரத்துல முடிவு பண்றது தப்புங்கறது மட்டும் சத்தியம். அஞ்சாம் நாள் காலையில ஹால்ல ஓட ஆரம்பிச்சவன் நிக்கல. சோஃபா மேல ஏறி, டிவி ஸ்டாண்டத் தாண்டி, கிச்சன் வரைக்கும் போய் வழுக்கி சுவத்துல மோதி, திரும்ப அதே ரூட். சோஃபா ரெக்ஸின் கிழிஞ்சு பஞ்சு வெளிய வந்துச்சு, தைக்க 6,500. பையனோட ஸ்கூல் ஷூ 1,200.

ஒம்பதாம் நாள் மதியம் அத்தை காதுல மாட்டுற மெஷினக் கழட்டி, பேப்பர் மேல வெச்சுட்டு தூங்கிட்டாங்க. நான் உள்ள துணி மடிச்சுட்டு இருந்தேன். ஹால்லேர்ந்து அப்பளம் நொறுக்குற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பாத்தா ரெண்டு முன்னங்காலுக்கு நடுவுல வெச்சு ரசிச்சுக் கடிச்சுட்டு இருக்கான். காது அழுக்கு வாசனைக்கு நாய்ங்க இந்த மெஷினத் தேடிப் போய்த் திங்குமாம், எனக்கு அப்புறம்தான் தெரியும். யோசிக்காம வாய்க்குள்ள கைய விட்டுப் புடுங்குனேன். ஒரு உறுமல், அடுத்த செகண்ட் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சதை கிழிஞ்சு ரத்தம். அதவிட பெரிய பயம் என்னன்னா மெஷின்ல இருந்த அந்தக் குட்டி பட்டன் பேட்டரியக் காணோம். அது வயித்துக்குள்ள போனா குடல அரிச்சுடும். ஒரு கையில துண்டச் சுத்திக்கிட்டு மண்டி போட்டுத் தேடுறேன், அத்தைக்கு ஒண்ணும் காதுல விழல, "என்னம்மா தேடுற, என்னம்மா தேடுற"ன்னு கேட்டுக்கிட்டே பின்னாடி வராங்க. பீரோவுக்கு அடியில உருண்டு கெடந்துச்சு. அத எடுத்ததுக்கு அப்புறம்தான் உக்காந்து அழுதேன்.

இந்த எடத்துல ரெண்டு விஷயம். கடிச்சா மொத வேலை சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுறது. நான் பேட்டரியத் தேடிட்டு அத லேட்டாதான் செஞ்சேன், டாக்டர் கிட்ட திட்டு வாங்குனேன். மஞ்சள், காப்பித்தூள்னு எதையும் அப்பாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில ஊசி இலவசம்தான். நாய்க்கு ஊசி போட்டிருக்கான்னு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல, சிறுசேரிக்காரங்களுக்குப் போன் அடிச்சா எடுக்கல. ரத்தம் வந்த காயங்கறதால காயத்தச் சுத்தி இம்யூனோகுளோபுலின்னு ரேபிஸ் கிருமிய உடனே எதுக்குற ஊசி போட்டாங்க, அது வலி சாமி. அப்புறம் மொத ஊசி நாள 0ன்னு வெச்சு 0, 3, 7, 28 அப்டின்னு நாலு நாள் ஊசி, நாலு தடவ அரை நாள் லீவு. சீசர பத்து நாள் கண்காணிக்கச் சொன்னாங்க, அந்தப் பத்து நாளும் காலையில எந்திரிச்சதும் அவன் ஒழுங்கா தண்ணி குடிக்கிறானான்னு பாக்குறதுதான் எனக்கு மொத வேலை. அது முடிஞ்சதும் ஊசியே போடாத நாய் மாதிரி எல்லாத்தையும் முதல்லேர்ந்து போட்டோம். ரெண்டாவது விஷயம், நாய் வாயில இருக்கறத புடுங்கக் கூடாது, பண்டமாத்து பண்ணணும். ஒரு துண்டு சிக்கன நாலடி தள்ளிப் போடுங்க, அத விட்டுட்டு வந்துடும். புடுங்கப் புடுங்க அதுக்கு இன்னும் வேகமா முழுங்கணும்னுதான் தோணும். காது மெஷின் 24,000. அத்தை ஒரு வார்த்தை திட்டல, எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது அட்வைஸ். பக்கத்து வீடு, ஆபீஸ், சொந்தக்காரங்க, எல்லாரும் ஒரே வார்த்தை: வேட்டை நாய்ங்க இது, ஓட விடுங்க, ஓட விட்டா அடங்கிடும். வீட்டுக்காரர் காலையில அஞ்சரைக்கு ஸ்கூட்டர எடுத்து பக்கத்துல அவன ஓட விட்டார். மொத வாரம் ரெண்டு கிலோமீட்டர்லயே நாக்கு தொங்கும். மாசம் முடியறப்போ ஆறு கிலோமீட்டர் ஓடிட்டு வந்து தண்ணி குடிச்சுட்டு, ஹால்ல இன்னும் நாலு ரவுண்டு. சாயங்காலமும் ஓட விட்டோம், நாலரை மணிக்கு தார் ரோடு கொதிக்கும்னு மண்டையில ஒறைக்கல, பாதத்துல தோல் உரிஞ்சு நொண்டுனான். புறங்கைய ரோட்டுல அஞ்சு செகண்ட் வெச்சுப் பாருங்க, உங்களால வெக்க முடியலன்னா நாயாலயும் நடக்க முடியாது. நடுவுல ஒரு ட்ரெயினர் வேற. 6,000 அட்வான்ஸ், நாலு நாள் வந்தார், இழுத்தா கழுத்த நெருக்குற சோக் செயின் போட்டு சுண்டி சுண்டி இழுப்பார். நாலாம் நாள் அவர் பைக் சத்தம் கேட்டதுமே சீசர் நின்ன எடத்துலயே மூத்திரம் போய்ட்டான். வராதீங்கன்னு சொல்லிட்டேன், காசு திரும்ப வரல. அத்தை மட்டும் அப்பவே சொன்னாங்க, "எம்மா, எங்க ஊர்ல இதுக பகல் பூரா கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கும், விடியக்காலம் ஒரு ஓட்டம் ஓடுறதோட சரி, இதப் போட்டு என்னத்துக்கு இப்பிடி வெரட்டுதீக"ன்னு. அந்தக் காலத்துல முயல் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம், இப்ப அது சட்டப்படி தப்பு. பழைய காலத்துக் கதைன்னு நாங்க யாரும் காதுல வாங்கல.

ஏப்ரல்ல ஒரு சாயங்காலம் மடிப்பாக்கத்துல எங்க தெரு முனையில கார் மேல ஒரு பூனை. சீசர் முன்னாடி பாயல, பின்னாடி இழுத்தான். சட்டையக் கழட்டுற மாதிரி தலை காலர விட்டு வழுக்கி வந்துடுச்சு, என் கையில கயிறும் காலரும் மட்டும். இந்த ஜாதி நாய்க்கு தலை ஒல்லி, கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே சைஸ், சாதா பெல்ட் நிக்காது. இழுத்தா அளவா மட்டும் இறுகுற மார்ட்டிங்கேல் காலர்னு இருக்கு, இல்லன்னா வயித்துக்கும் சேத்து மூணு வார் இருக்கற ஹார்னஸ் வாங்கணும். சில நூறு ரூபா சமாச்சாரம், தெரியாததால 19 மணி நேரம் அலைஞ்சோம். பின்னாடியே ஓடுனோம், தெருப்பசங்க வேற கத்திக்கிட்டு தொரத்துனாங்க, அவ்ளோதான், கண்ணுக்கு மறைஞ்சுட்டான். நாய் தொலைஞ்சா தொரத்தாதீங்க, தொரத்தத் தொரத்த அது தூரமாத்தான் போகும். நாங்க போஸ்டர் அடிச்சோம், குரூப்ல எல்லாம் போட்டோம், ஆட்டோவும் போஸ்டரும் சேத்து 1,800. கடைசியில தகவல் வந்தது பால் போடுற பையன் மூலமா. விடியக்காலம் நாலு மணிக்கு முழிச்சிருக்கறவங்க அவங்கதான், அவங்களும் டீக்கடைக்காரங்களும் கார்ப்பரேஷன்ல தெரு கூட்டுறவங்களும். மொத ஆளா அவங்க கிட்ட போட்டோவக் காட்டுங்க.

கோவிலம்பாக்கத்துல கட்டிட்டிருந்த ஒரு பில்டிங், மணல் குவியல் மேல படுத்திருந்தான், வாட்ச்மேன் அண்ணன் பிஸ்கட் போட்டிருக்கார். எங்களப் பாத்ததும் எந்திரிச்சு ரெண்டு அடி பின்னாடி போனான். வாட்ச்மேன் அண்ணன்தான், "கிட்டப் போகாதம்மா, உக்காரு, மூஞ்சியப் பாக்காத"ன்னார். அப்டியே மணல்ல அவனுக்கு முதுகக் காட்டி உக்காந்து பிஸ்கட் கவரப் பிரிச்சேன். ரெண்டு நிமிஷம் இருக்கும், என் தோள்பட்டையில ஈரமா ஒரு மூக்கு வந்து இடிச்சுது.

கதை அதோட முடியல. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டுனப்போ காதுக்குள்ள, கால் விரல் இடுக்குல எல்லாம் உண்ணி. எடுத்தோம், மருந்தும் போட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு சாப்பாட்ட மோந்து பாத்துட்டு போய்ட்டான். ஒடம்பு சுட்டுச்சு. பையனுக்கு வெச்சிருந்த பாராசிட்டமால பாதி ஒடச்சுக் குடுக்கலாமான்னு கையில எடுத்தேன், நல்லவேளை குடுக்கல, டாக்டர் சொல்லாம அத நாய்க்குக் குடுத்தா கல்லீரலே போய்டுமாம். ஒதட்டத் தூக்கிப் பாத்தா ஈறு வெளுத்திருக்கு, அடிவயித்துல கொசு கடிச்ச மாதிரி சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி. வேப்பேரி கால்நடை கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். ரத்தம் எடுத்துப் பாத்தா பிளேட்லெட் 38,000, ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கணுமாம். உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள், வயித்துல சாப்பாடு இருக்கறப்போதான் குடுக்கணும், இல்லன்னா வாந்தி எடுத்துடும். வெளிய எடுத்த டெஸ்டு, மருந்து, திரும்பத் திரும்பப் போன செலவு எல்லாம் 9,400. நாய் வெளிய போய்ட்டு வந்தா காது, கழுத்து, விரல் இடுக்கு, வால் அடி, இந்த நாலு எடத்தையும் தெனம் ஒரு தடவ தடவிப் பாருங்க, ரெண்டு நிமிஷம்தான்.

அந்த டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. 28 நாளும் ஓட்டம் கூடாது, கயித்தப் புடிச்சு மெதுவா நடத்திட்டு வாங்க, அவன் எங்க நின்னு மோந்து பாத்தாலும் இழுக்காம நில்லுங்கன்னு. எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது, ஆறு கிலோமீட்டர் ஓடியே இந்த ஆட்டம், ஓடவே இல்லன்னா வீடு மிஞ்சுமா. மொத வாரம் காய்ச்சல்ல சுருண்டு கெடந்தான் சரி. ரெண்டாவது வாரம் சாப்பிட ஆரம்பிச்சும் அடங்கியே இருந்தான். ஒரு தெரு, அவ்ளோதான் நடை, ஆனா அதுக்கு 40 நிமிஷம் ஆகும். ஒரே கரண்ட் கம்பத்த நாலு நிமிஷம் மோந்து பாப்பான், கீழேர்ந்து மேல வரைக்கும், பேப்பர் படிக்கிற மாதிரி. வீட்டுக்கு வந்ததும் நேரா அத்தை கட்டிலுக்கு அடியில போய் படுத்துடுவான். மதியம் ரெண்டு மணிக்கு மேல கட்டில்ல அத்தை, கீழ இவன், ரெண்டு பேரும் கொறட்டை. பிளேட்லெட் ஏறி ஒடம்பு தேறுன பின்னாடியும் அந்தத் தூக்கம் போகல. டாக்டரம்மா கிட்ட கேட்டா சிரிச்சாங்க. "தெனம் கூட்டிக் கூட்டி ஓட வெச்சு நீங்க ரன்னருக்குக் கோச்சிங் குடுத்திருக்கீங்க, ஸ்டாமினா ஏறாம என்ன செய்யும்"னாங்க. வளந்த நாய் ஒரு நாள்ல பாதி நேரத்துக்கு மேல தூங்கணுமாம், இவன் பால்கனியில நாள் பூரா போற வர்ற வண்டியப் பாத்துக் கொரைச்சே வளந்ததால சும்மா படுத்திருக்கறதுன்னா என்னன்னே கத்துக்கலயாம். அத்தை பிப்ரவரியிலயே இத ஓசியில சொன்னாங்க!

இப்ப எங்க வீட்டு வழக்கம் இதுதான். காலையில மோந்து பாக்குற நடை. சாப்பாட்ட தட்டுல வெக்கறது கம்மி, பழைய துண்டுக்குள்ள டாக் ஃபுட்ட தூவி சுருட்டி முடிச்சு போட்டுக் குடுத்துடுவேன், மூக்கால குடைஞ்சு குடைஞ்சு எடுக்க கால் மணி நேரம் ஆகும், அது முடிஞ்சா ஆளு அவுட். மாடிப்படிக்கு அடியில அவனுக்கு ஒரு எடம், பழைய புடவைய தெரை மாதிரி கட்டி விட்டிருக்கோம், எலும்பு எல்லாம் துருத்திட்டு இருக்கற ஒடம்பு, அதனால மெத்தை ரெண்டு மடிப்பு. அங்க படுத்திருந்தா பையன்கூட தொடக் கூடாதுன்னு ரூல். சும்மா படுத்திருக்கறப்போ சத்தம் போடாம ஒரு சின்னத் துண்டு சிக்கன கிட்ட வெச்சுட்டு போய்டுவேன், நாம எப்பவும் குதிக்கிறப்போதான் கவனிக்கிறோம், படுத்திருக்கறப்போ கவனிக்கறதே இல்ல. ஓட்டமே வேணாமான்னா வேணும். வாரத்துல ரெண்டு நாள் தெரிஞ்சவங்களோட காம்பவுண்டு போட்ட காலி மனையில அவுத்து விடுவோம். பத்து நிமிஷம், அந்த வேகத்தப் பாக்கணுமே, நாலு காலும் தரையில இருக்கான்னே தெரியாது. அப்புறம் அவனே வந்து காலடியில படுத்துடுவான். கார்ப்பரேஷன் லைசென்ஸும் எடுத்தாச்சு, ஆன்லைன்லதான், நாங்க எடுத்தப்போ 50 ரூபா, ரேபிஸ் ஊசி சர்டிஃபிகேட் கேட்டாங்க.

ஆகஸ்ட்ல ஒரு நாள் சிறுசேரிக்காரங்க கிட்டேர்ந்து மெசேஜ். எப்டி இருக்கான் சிஸ்டர், போட்டோ ப்ளீஸ்னு. கோவத்துல கை நடுங்குச்சு, இருந்தாலும் போட்டோ அனுப்பி, வேக்சின் புக்குன்னு மட்டும் டைப் பண்ணேன். அட்டையோட படம் வந்துச்சு. ஓனர் பேர் போடுற எடத்துல வேற யாரோ ஒருத்தர் பேர், திருப்பூர் அட்ரஸ். நாய் பேர் இருக்கற எடத்துல "மணி". அப்போ நாங்க மூணாவது வீடு. 14 மாசத்துக்குள்ள ரெண்டு வீடு பாத்துட்டுதான் எங்ககிட்ட வந்திருக்கான். அத்தை கட்டில்ல உக்காந்துகிட்டு சும்மா "ஏல மணி"ன்னு கூப்பிட்டுப் பாத்தாங்க. தூங்கிட்டு இருந்தவன் ஒரு காத மட்டும் தூக்குனான், கண்ணத் தொறக்கல. அன்னைலேர்ந்து அத்தைக்கு மட்டும் அவன் மணி.

அடுத்து தீபாவளி வருது. போன வாரம் கல்யாண ஊர்வலத்துல வெடிச்ச ஒரு சரத்துக்கே பாத்ரூம்ல போய் ஒளிஞ்சு மூணு மணி நேரம் வெளிய வரல. ரெண்டு நாள் முன்னாடியே கோவில்பட்டிப் பக்கம் அத்தையோட தம்பி தோட்டத்துக்குப் போய்டலாம்னு பேசிட்டு இருக்கோம், ஊர்லேர்ந்து மூணு கிலோமீட்டர் உள்ள, வெடிச்சத்தம் அவ்வளவா கேக்காதாம். கார்ல பத்து மணி நேரம் அவன எப்டிக் கூட்டிட்டுப் போறதுன்னுதான் தெரியல. இப்போதைக்கு தெனம் சாயங்காலம் நிப்பாட்டுன கார்ல அவன உக்கார வெச்சு, கூட உக்காந்து பாட்டு கேட்டுட்டு இருக்கேன், தெருவுல போறவங்க ஒரு மாதிரி பாத்துட்டுப் போறாங்க.